பதினேழாவது தளம்: பாதுகாப்பான மொழிகள் ஏன் பரவவில்லை?

கேள்வி, 4 சனவரி 2025

அண்ணா, தரமணிப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அடா, ரஸ்ட் மாதிரி புரோகிராமிங் மொழிகளில் மெமரி பிழை (நிரல் தனக்கு உரியதல்லாத நினைவக இடத்தில் கைவைப்பது) வருவது ரொம்பக் குறைவு என்கிறார்கள். அப்படி இருந்தும் கேம்பஸுக்கு வந்த ஒரு கம்பெனிகூட அதைக் கேட்கவில்லை. எல்லாம் ஜாவா, பைதான், சி++. கற்பது கஷ்டம் என்பதுதான் காரணமா?

4 சனவரி, இரவு 10.40

கஷ்டம் காரணம் இல்லை தம்பி. சி++ எளிதான மொழி என்று அதில் பத்து வருடம் வேலை பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அது உலகம் முழுக்க ஓடுகிறது.

அடாவிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு மனத்தாங்கல் அதிகம் உள்ள கதை அதுதான். 1970-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ரேடாருக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கான மொழிகள். பராமரிக்க முடியவில்லை. 1975-இல் குழு போட்டு, ஒரே மொழிக்கு என்னென்ன வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்த வரைவுகளுக்கு வைத்த பெயர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: வைக்கோல் மனிதன், மர மனிதன், தகர மனிதன், இரும்பு மனிதன், கடைசியாக 1978-இல் எஃகு மனிதன். அதை வைத்து நான்கு அணிகள் மொழி வடிவமைத்தன. யார் எழுதியது என்று தெரியக்கூடாது என்பதற்காகச் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நிறத்தால் அழைத்தார்கள். 1979-இல் ழான் இஷ்பியாவின் பச்சை அணி வென்றது. அடா லவ்லேஸின் பெயரை வைத்தார்கள். தர ஆவணத்தின் எண்கூட 1815, அவர் பிறந்த வருடம்.

இவ்வளவு யோசித்துச் செய்த இன்னொரு மொழியை நான் பார்த்ததில்லை. சி அப்படிப் பிறக்கவில்லை. 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுவதற்காக டென்னிஸ் ரிச்சி தன் கைவாகுக்குச் செய்துகொண்ட கருவி அது.

ஆனால் அடா மேலிருந்து உத்தரவாக இறங்கியது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர்; சோதனைத் தொகுப்பில் தேறிய கம்பைலர்தான் செல்லும், அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். அடாவின் தரம் வெளிவந்த அதே 1983-இல் பாஸ்கல் மொழிக்கான டர்போ பாஸ்கல் கம்பைலர் 49.95 டாலருக்குக் கடைக்கு வந்துவிட்டது. ஒரு மாணவன் கைக்கு எது போய்ச் சேரும், சொல்லுங்கள். நான் 1998-இல் முதல் வருடம் படித்தபோது, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து சீனியர் ஒருவர் வாங்கி வந்த பிளாப்பிகளில்தான் டர்போ சி பார்த்தேன். அடா என்ற சொல்லை நான்கு வருடப் படிப்பில் ஒரே ஒரு தடவை, பாடப்புத்தகத்தின் ஒரு பெட்டிச் செய்தியில் பார்த்தேன்.

5 சனவரி

நேற்று விலையோடு நிறுத்திவிட்டேன். எனக்கு நேர்ந்ததைச் சொன்னால்தான் முழுசாக விளங்கும்.

2012. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். லிஃப்ட் கன்ட்ரோலர் போர்டு செய்வோம். 8051 வகைச் சில்லு, 256 பைட் ரேம், நிரல் முழுக்க சி. ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் கதவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்று புகார் வந்தது. கதவு ஐந்து விநாடி திறந்திருக்க வேண்டும். ஒரு வயதான அம்மா வாக்கரோடு ஏறும்போது கதவு ஓரம் கையில் பட்டு வீங்கிவிட்டது.

எங்கள் மெக்கானிக் போய்க் கீபேடில் ஐந்து விநாடி என்று வைத்துவிட்டு வருவார். அவர் எதிரில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மறுநாள் திரும்பப் புகார் வரும். கதவு மோட்டாரை இரண்டு முறை மாற்றினோம். கதவில் ஆள் இருப்பதை உணரும் இன்ஃப்ராரெட் திரையை ஒரு முறை மாற்றினோம். இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஒருநாள் அவர் என் மேசைக்கே வந்து நின்றார். "காலையில அஞ்சு செகண்டு வெச்சிட்டு, பத்து தடவ ஏறி எறங்கிப் பாத்துட்டுத்தான் சார் வந்தேன். சாயங்காலம் போன் பண்றாங்க, மறுபடியும் படக்குனு மூடுதாம்."

"நடுவுல கரண்ட் போச்சா?"

"ரெண்டுலருந்து நாலு வரைக்கும் கட்டு சார். ஜெனரேட்டர்ல ஓடிச்சு."

அந்த வருடம் சென்னையிலேயே தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்ததை நினைவு வைத்திருப்பீர்கள். ஜெனரேட்டருக்கு மாறும்போது போர்டு ரீசெட் ஆகும். ரீசெட் ஆனால் அமைப்புகளைத் திரும்ப ஏற்றும். முதலில் கதவு நேரம், அடுத்து ஒவ்வொரு தளத்துக்கும் டிஸ்ப்ளேயில் காட்ட வேண்டிய எண்.

அந்தத் தள அட்டவணையில் 16 இடம்தான். நிரல் எழுதியது 2004-இல். அப்போது எங்களுக்கு வந்த ஆர்டரெல்லாம் ஸ்டில்ட் பிளஸ் ஃபோர், அதாவது கீழே வண்டி நிறுத்தும் தூண் தளம், மேலே நான்கு மாடி. 16 என்பதே தாராளம் என்று நினைத்திருப்பார்கள். இந்தக் கட்டடத்தில் பேஸ்மென்ட், ஸ்டில்ட், மேலே 15 மாடி. மொத்தம் 17 தளம். பதினேழாவது தளத்தின் எண்ணான 15, அட்டவணையைத் தாண்டி அடுத்த பைட்டில் போய் உட்கார்ந்தது. அந்த அடுத்த பைட் கதவு நேரம், பத்தில் ஒரு விநாடிக் கணக்கில். 50 இருந்த இடத்தில் 15. ஐந்து விநாடி ஒன்றரை விநாடியாகிவிட்டது.

சி ஒன்றுமே சொல்லவில்லை. கம்பைல் ஆகும்போதும் சொல்லவில்லை, ஓடும்போதும் சொல்லவில்லை. அடாவில் தளம் என்று தனி டைப் (மதிப்பின் வகை) அறிவித்து, அதற்கு எல்லை வைத்து, அந்த டைப்பாலேயே அட்டவணையைச் சுட்டலாம். இந்தத் தப்பு கம்பைலரைத் தாண்டியே வந்திருக்காது.

5 சனவரி, மதியம்

ஒருவர் கேட்கிறார்: "சி தெரிந்தவன் எல்லையைச் சரிபார்த்து எழுதுவான், மொழியைக் குறை சொல்லாதீர்கள்." அந்த நிரலை எழுதியவர் என்னைவிட நல்ல கை. 256 பைட்டுக்குள் மொத்த லிஃப்ட்டையும் அடக்கியவர். சரிபார்த்து எழுத அவருக்குத் தெரியும். ஆயிரம் இடத்தில் சரிபார்த்துவிட்டு ஒரு இடத்தில் விட்டார். மனிதன் என்றால் ஒரு இடத்தில் விடத்தான் செய்வான். அதை நினைவில் வைத்திருக்கத்தான் கருவி வேண்டும் என்கிறேன்.

9 சனவரி

5-ஆம் தேதிக் குறிப்பில் நான் எழுதியது ஒன்று தப்பு. திருத்துகிறேன்.

"கம்பைலரைத் தாண்டி வந்திருக்காது" என்றேன். எத்தனை தளம் என்பதை மெக்கானிக் கீபேடில் அடிக்கிறார். அது கம்பைலருக்கு எப்படித் தெரியும்? அடாவிலும் அது ஓடும்போதுதான் பிடிபடும். எல்லை மீறிய உடனே விதிவிலக்கு (எக்ஸெப்ஷன்), அதாவது ஒரு பிழை அறிவிப்பு, எழும்பும். அதைக் கையாள நாம் எதுவும் எழுதாவிட்டால் நிரல் நின்றுவிடும். போர்டு மேசை மேல் இருக்கும்போது நின்றால் நல்லது, ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். ஆள் உள்ளே இருக்கும்போது இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால்?

இதை யோசித்ததிலிருந்து ஐரோப்பாவின் அரியேன் 5 ராக்கெட் மனதை விட்டுப் போகவில்லை. 1996 சூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். முதல் ஏவுதல். கிளம்பிய 40 விநாடிக்குள் ராக்கெட் சிதறியது. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் போயின. அந்த மென்பொருள் அடாவில் எழுதியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது, எண் அதில் அடங்கக்கூடிய 32767-க்கு மேல் போய்விட்டது. அடா தன் வேலையைச் சரியாகச் செய்து விதிவிலக்கை எழுப்பியது. அதைக் கையாள நிரலில் எதுவும் எழுதியிருக்கவில்லை. திசை காட்டும் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், ஆகவே அதுவும் அதே காரணத்தால் நின்றது.

அந்த நிரல் அரியேன் 4-க்கு எழுதியது. அரியேன் 4 பறக்கும் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வராது. கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காக ஏழு மாறிகளில் மூன்றுக்குப் பாதுகாப்பை வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். போதாததற்கு, அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத கணக்கு.

ஸ்டில்ட் பிளஸ் ஃபோருக்கு எழுதியதை 17 தளத்துக்கு நாங்கள் ஏற்றினோம். 4-க்கு எழுதியதை 5-க்கு அவர்கள் ஏற்றினார்கள். விசாரணை அறிக்கையைப் படித்தபோது வயிறு கலங்கியது.

டர்போ சி-யில் படித்த எல்லோருக்கும் இந்த 32767 பழக்கமான எண்தான். நீலத் திரையில் கூட்டல் நிரல் எழுதி, 32767-உடன் 1 கூட்டினால் -32768 என்று வந்து நிற்கும். லேப் சார் "இன்ட் ரெண்டு பைட்டுப்பா, லாங் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கூட்டினால் எண் குறையலாம் என்று ஒரு கருவி சொல்வதை 18 வயதில் சகஜமாக எடுத்துக்கொள்ளப் பழகினோம்.

9 சனவரி, பிற்சேர்க்கை

"அப்போ அடாவும் வேஸ்ட்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. ஓடும்போது பிடிப்பது ஒரு படி. ஓடுவதற்கு முன்பே, எந்த எண் வந்தாலும் எல்லை மீறாது என்று நிரூபிப்பது அடுத்த படி. அடாவின் உட்பிரிவான ஸ்பார்க் அதைத்தான் செய்கிறது. என் லிஃப்ட் நிரலை ஸ்பார்க்கில் எழுதியிருந்தால், கீபேடில் வரும் எண் 16-க்குள் இருக்கிறதா என்று பார்க்கும் வரியை எழுதாமல் கருவி என்னை நகர விட்டிருக்காது. பாரிஸ் மெட்ரோவின் 14-ஆவது தடம் 1998-இல் ஓட்டுநர் இல்லாமல் ஓடத் தொடங்கியது. அதன் பாதுகாப்பு நிரலை பி முறை என்ற கணித வழியில் நிரூபித்து, அதிலிருந்து அடா நிரலாக எடுத்தார்கள். போயிங் 777-இன் மென்பொருளிலும் பெரும்பகுதி அடாதான். வேஸ்ட் என்று சொல்ல வாய் வரவில்லை.

12 சனவரி

விலைதான் காரணம் என்று முதல் நாள் எழுதினேன். அதையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1990-களின் நடுவிலேயே ஜிநாட் என்ற அடா கம்பைலர் இலவசமாகக் கிடைத்தது, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உருவானது. நான் முதல் வருடம் சேர்ந்தபோது அது இருந்தது. விலை போன பிறகும் யாரும் வரவில்லை என்றால் விலைக்கு மேல் ஏதோ இருக்கிறது.

மேலிருந்து கட்டாயப்படுத்தியும் பார்த்தார்கள். 1991-இலிருந்து பாதுகாப்புத் துறை மென்பொருளுக்கு அடாதான் என்று அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். 1997-இல் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். எஃப்-22 போர் விமானத்தில் பெரும்பகுதி அடா. அதற்கு அடுத்த எஃப்-35-க்கு சி++ எடுத்துக்கொண்டு, அதில் எதெல்லாம் எழுதக்கூடாது என்று தடித்த விதிப் புத்தகம் போட்டார்கள்.

லிஃப்ட் பிழையைக் கண்டுபிடித்த வாரம் நான் முதலாளியிடம் போனேன். அடுத்த போர்டுக்கு 32 பிட் சில்லு வருகிறது, அதில் அடா போடலாம் என்றேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ நாளைக்கு வேற கம்பெனிக்குப் போயிட்டா இத எவம்பா பாப்பான்? சி-ன்னா பேப்பர்ல வெளம்பரம் குடுத்தா பத்து பேரு வந்து நிப்பான்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. இன்றைக்கு அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்பேன்.

ஆனால் அந்த அறையில் பேசாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இரண்டு மோட்டார், ஒரு திரை, மெக்கானிக் மூன்று வாரம் அம்பத்தூருக்கும் ஓ.எம்.ஆருக்கும் அலைந்த பெட்ரோல். இதெல்லாம் சர்வீஸ் கணக்கில் போனது. மென்பொருள் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. நான் கேட்ட அடாவின் செலவு, அதாவது பயிற்சி, தாமதம், ஆள் தேடுவது, எல்லாம் மென்பொருள் கணக்கில் ஏறும். அந்த அம்மாவின் கை வீங்கியது எந்தக் கணக்கிலும் இல்லை. மொழியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பிழைக்கு விலை கொடுப்பவர் இன்னொருவர். என்னைக் கேட்டால் மொத்தக் காரணமும் இதுதான். மற்றதெல்லாம் இதற்குக் கீழே.

15 சனவரி

ஊரில் இருக்கிறேன், சிக்னல் சரியில்லை. சுருக்கமாக.

"ஜாவாவும் பாதுகாப்பான மொழிதான், அது எப்படிப் பரவியது?" நல்ல கேள்வி, இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஜாவாவில் அர்ரே (அட்டவணை) எல்லையை மீறினால் உடனே சொல்லிவிடும், மெமரி முகவரியை நேரடியாகக் கையாளும் பாயின்டர் விளையாட்டு இல்லை. ஆனால் 1990-களின் கடைசியில் எங்களை ஜாவா வகுப்பில் சேர்த்த யாரும் அதற்காகச் சேர்க்கவில்லை. வெப்புக்கு வேலை இருந்தது. மெமரியை நாமே விடுவிக்க வேண்டாம் என்பதால் நிரல் சீக்கிரம் முடிந்தது. பாதுகாப்பு அந்த வண்டியில் சேர்ந்து வந்தது. அதற்காகத் தனியாக யாரும் டிக்கெட் எடுக்கவில்லை.

19 சனவரி

12-ஆம் தேதி சொன்னதை மறுபக்கத்திலிருந்து உறுதி செய்யும் சாட்சி ஒன்று. கணினி அறிஞர் டோனி ஹோர் தன் 1980 டூரிங் விருது உரையில் சொல்லியிருப்பது. 1960-களில் எலியட் கணினிக்கு அவர் குழு அல்கால் என்ற மொழிக்குச் செய்த கம்பைலர், ஒவ்வொரு அர்ரே சுட்டலையும் ஓடும்போதே சரிபார்க்கும். பல வருடம் கழித்து வாடிக்கையாளர்களிடம், வேகத்துக்காக இந்தச் சோதனையை நிறுத்தும் வசதி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட விடாமல் வேண்டாம் என்றார்கள். அது இல்லாவிட்டால் எத்தனை தடவை ஏமாந்திருப்போம் என்று அவர்களுக்கே தெரியும். நிரல் எழுதியதும் அவர்கள், தப்பான விடையால் நஷ்டப்பட்டதும் அவர்கள். அதே உரையில் அவர் அடாவையும் கடுமையாக எச்சரித்தார்: இவ்வளவு பெரிய, சிக்கலான மொழியை உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு நம்பாதீர்கள் என்று. அடாவை நேசிப்பவன் நான். ஆனாலும் அந்தப் பத்தியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ரஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். அதன் தொடக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கிரேடன் ஹோர் (இவர் வேறொருவர்) வான்கூவரில் 21-ஆவது மாடியில் குடியிருந்தார். லிஃப்ட்டின் மென்பொருள் செயலிழந்து, படியேறிப் போனார். ஒரு லிஃப்ட்டைக்கூட ஒழுங்காக ஓட்ட முடியவில்லையே என்று 2006-இல் தனியாக ரஸ்ட்டை எழுத ஆரம்பித்தார். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லா பிறகு கைகொடுத்தது. 2015 மே மாதம் 1.0 வந்தது. 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1 கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் உட்கருவுக்குள், நுழைந்தது.

ஏன் இதற்கு மட்டும் கதவு திறந்தது? கணக்கு ஒரே ஆள் தலையில் விழுந்ததால் என்று நினைக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2019-இல் எண்ணிப் பார்த்து, தங்கள் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி பிழையால் வருகிறது என்றது. குரோம் அணியும் தங்கள் தீவிரக் குறைகளில் கிட்டத்தட்ட அதே அளவைச் சொன்னது. அங்கே நிரல் எழுதுவதும், ஓட்டையை அடைப்பதும், பயனருக்குப் பதில் சொல்வதும் ஒரே கூரையின் கீழ். ஆண்ட்ராய்டில் புதிய நிரலைப் பாதுகாப்பான மொழிகளில் எழுத ஆரம்பித்த பிறகு, மெமரிக் குறைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது 2024-இல் 24-க்கு இறங்கியது. பழைய நிரலை எல்லாம் தூக்கிப் போடவில்லை, புதிதாகச் சேர்ப்பதை மட்டும் மாற்றினார்கள்.

இன்னொன்று: ரஸ்ட்டோடு கார்கோ என்ற கருவி வந்தது. ஒரே கட்டளையில் நூலகத்தை இறக்கி, கட்டி, சோதித்துவிடலாம். முதல் மூன்று வாரம் கம்பைலர் என்னை மறுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் எந்த வரி, ஏன், எப்படித் திருத்தலாம் என்று சொல்லித்தான் மறுத்தது. நல்ல வாத்தியார் அப்படித்தான் மறுப்பார்.

20 சனவரி

"ரஸ்ட் வெல்லும், அடா செத்தது" என்று இரண்டு பேர். நேற்று நான் அப்படி எழுதவே இல்லை. எந்த மெமரி யாருக்குச் சொந்தம் என்று பார்க்கும் ரஸ்ட்டின் உரிமைக் கணக்கு மெமரியைக் காக்கும். கதவு நேரம் ஒரு விநாடிக்குக் குறையக்கூடாது என்பதை டைப்பிலேயே ஒரு வரியில் எழுத அடாவில்தான் எனக்குச் சுலபம். லிஃப்ட்டுக்கு இரண்டும் வேண்டும்.

26 சனவரி

தம்பி, நேற்று தனியாகக் கேட்டிருந்தீர்கள்: "இதெல்லாம் சரி, நான் இப்போ என்ன படிக்கிறது?" எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

சி-யை விடாதீர்கள். பழைய போர்டெல்லாம் அதில்தான் ஓடுகிறது. கூடவே ஒரு சின்ன வேலையை எடுத்து மூன்று மொழியில் எழுதுங்கள். தள அட்டவணையே போதும்: 16 இடம், 17 தளம். சி-யில் எழுதி, பக்கத்து மாறி என்ன ஆகிறது என்று பாருங்கள். ரஸ்ட்டில் எழுதினால் ஓடும்போதே எந்த எண், எவ்வளவு நீளம் என்று சொல்லி நிற்கும். அடாவுக்கு ஜிநாட் இன்றைக்கும் இலவசம். கார்கோ மாதிரியே அலைர் என்று ஒன்றும் இருக்கிறது, அதை வைத்து இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றையும் எஸ்டிஎம்32 என்ற 32 பிட் சில்லு உள்ள ஒரே போர்டில் ஏற்றிப் பார்க்கலாம்.

போர்டு ரிச்சி தெருவில் கிடைக்கும். ஞாயிறு கடை இருக்காது, சனிக்கிழமை காலையில் வாருங்கள், அண்ணா சாலை முனையில் நிற்கிறேன். புரோகிராமர் கேபிள் வாங்க வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது. அந்தப் பழைய கீபேடும் ஒன்று வைத்திருக்கிறேன், 17 அடித்துப் பார்க்கலாம்.